எவ்வளவு நீட்டினாலும் உடம்பு இளகவில்லை: மெதுவான அசைவுப் பயிற்சி உதவுமா?

மேசைவாசி:

வணக்கம். நாள் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தால் தொடையின் பின்பக்கம் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடிவதில்லை, நாற்காலியோடு சேர்ந்து திரும்புகிறேன். காலையில் தசைகளை நீட்டும் பயிற்சிகளை விடாமல் செய்கிறேன். முடித்தவுடன் உடம்பு இலகுவாகத்தான் இருக்கிறது. மதியத்துக்குள் மறுபடியும் பழைய நிலைதான்.

அண்மையில் நண்பர் ஒருவர் வேறொரு முறையைச் சொன்னார். தரையில் படுத்துக்கொண்டு, ஒலிப்பதிவில் வரும் குறிப்புகளைக் கேட்டு, மிக மெதுவாக, மிகச் சிறிதாக அசைய வேண்டுமாம். ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். "வலது தோள் தரையில் எவ்வளவு படிகிறது, இடது தோள் எவ்வளவு படிகிறது" என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். நடுநடுவே ஓய்வு. வியர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, எங்கும் இழுக்கவும் இல்லை. இதனால் உடம்பு எப்படி வளையும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தரைப்பாடம்:

நண்பரே, இந்த வகைப் பாடங்களைப் பல ஆண்டுகளாகச் செய்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எங்கும் இழுக்கவில்லையே, பிறகு எப்படி வளையும்" என்ற கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. தசை குட்டையாகிவிட்டது, அதை இழுத்து நீளமாக்க வேண்டும் என்ற நம்பிக்கை. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கும் நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கும் அது ஓரளவு உண்மை. உங்களைப் போல நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தசையில் நீளம் இருக்கிறது. இதற்கு மேல் போகாதே என்று தடுப்பது நரம்பு மண்டலம். தசைகளுக்குள் நீளத்தையும் நீளும் வேகத்தையும் அளந்து சொல்லும் நுண்ணிய உணர்கருவிகள் பொதிந்திருக்கின்றன. தசை சட்டென்று இழுபட்டால் அவை உடனே தகவல் அனுப்பும், தசை சுருங்கி எதிர்க்கும். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளுவது இதனால்தான். இறுகிப்போன தோள் என்று சொல்லப்பட்டவர்களில் சிலருக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகு அதே தோள் மேலும் பல டிகிரி திரும்புவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மயக்கத்தில் தசை நீளவில்லை, காவல்தான் தளர்ந்தது.

சில வாரங்கள் தசை நீட்டிய பிறகு கூடுதலாக வளைய முடிவது ஏன் என்று ஆராய்ந்தவர்களும் இதற்கு அருகில்தான் வந்து நிற்கிறார்கள். தசை நீண்டது என்பதைவிட, இழுவிசையை உடம்பு பொறுத்துக்கொள்ளப் பழகியது என்பதே பெரும்பங்கு என்று 2010இல் வெளியான திறனாய்வு ஒன்று வாதிட்டது. அப்படியானால் உடம்பை வற்புறுத்திப் பொறுக்க வைப்பது ஒரு வழி. காவல் காப்பதற்கு அங்கே காரணமே இல்லை என்று அதற்குத் தெரியப்படுத்துவது இன்னொரு வழி. மெதுவான அசைவுப் பாடங்கள் இரண்டாவது வழியில் போகின்றன.

நீங்கள் கேட்ட ஒலிப்பதிவு அநேகமாக ஃபெல்டன்கிரைஸ் முறையைச் சேர்ந்ததாக இருக்கும். மோஷே ஃபெல்டன்கிரைஸ் 1904இல் இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவுட்டாவில் பிறந்தவர். பாரிசில் பொறியியல் படித்தார், ஜோலியோ கியூரி என்ற புகழ்பெற்ற அறிவியலாளரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார், ஐரோப்பாவில் ஜூடோவில் கறுப்புப் பட்டை பெற்ற முன்னோடிகளில் ஒருவர். கால்பந்து ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக ஸ்காட்லாந்தில் நீர்மூழ்கி எதிர்ப்பு ஆய்வில் இருந்தார். அந்தக் காலத்தில் முழங்கால் மீண்டும் மோசமானது. அறுவை சிகிச்சையின் பலன் உறுதியில்லை என்று தெரிந்ததும், தான் எப்படி நடக்கிறோம் என்பதையே ஓர் இயற்பியலாளரின் பொறுமையோடு கவனிக்க ஆரம்பித்தார். இந்த முறையைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1949இல் வந்தது. பிற்காலத்தில் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியனுக்குத் தலைகீழாக நிற்கக் கற்றுக்கொடுத்தவரும் இவரே.

ஏன் இவ்வளவு சிறிய அசைவு என்று கேட்டீர்கள். இந்த முறையின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானிய அறிஞர் கையில் எடைகளைக் கொடுத்துச் சோதித்தார். கையில் இருக்கும் எடை கூடக்கூட, வித்தியாசத்தை உணர்வதற்குச் சேர்க்க வேண்டிய எடையும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஒரு கிலோவை ஏந்தியிருக்கும்போது ஐம்பது கிராம் சேர்த்தால் தெரியும். பத்துக் கிலோவை ஏந்தியிருக்கும்போது அதே ஐம்பது கிராம் தெரியவே தெரியாது. உடம்பை முழுவிசையோடு நீட்டும்போது அந்த விசையின் இரைச்சலில் நுணுக்கமான தகவல் எல்லாம் மூழ்கிப்போகிறது. தேவையே இல்லாமல் தாடையைக் கடித்திருப்பதும், இடது காலைத் திருப்பும்போது வலது தோள் தூக்கிக்கொள்வதும் அப்போது உங்களுக்குத் தெரியாது. முயற்சியைக் குறைத்தால்தான் அவை புலப்படும். அவை புலப்பட்ட பிறகுதான் விட முடியும்.

ஓய்வு எதற்கு என்றால், பாடத்துக்கு முன்பும் பின்பும் உடம்பு தரையில் படிவதில் உள்ள வித்தியாசத்தை மூளை குறித்துக்கொள்ள நேரம் வேண்டும். ஓய்வைத் தாவிப் போகிறவர்கள் பாதிப் பாடத்தைத்தான் செய்கிறார்கள்.

மூட்டுமொழி:

நான் பிசியோதெரபிஸ்ட். தரைப்பாடம் ஐயா சொன்னதில் நரம்பு மண்டலத்தைப் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மறுப்பு ஓரிடத்தில் இருக்கிறது.

உணர்வு கூர்மையானால் போதும், வளைவு தானாக வரும், வந்தது நிலைக்கும் என்ற எண்ணம் ஆபத்தானது. புதிதாகக் கிடைத்த பத்து டிகிரியில் உடம்பைத் தாங்கும் வலு இல்லாவிட்டால் நரம்பு மண்டலம் அந்தப் பத்து டிகிரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அது முட்டாள்தனம் அல்ல, பாதுகாப்பு. வலுப் பயிற்சியையும் நீட்டல் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2021இல் தொகுத்துப் பார்த்தபோது, மூட்டின் அசைவு எல்லையைக் கூட்டுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதாவது எடையோடு முழு அசைவிலும் வேலை செய்கிறவர் தனியாக நீட்டாமலேயே இளகுகிறார். மேசைவாசி போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள், இடுப்பில் மடிந்து எடையைத் தூக்கப் பழகுங்கள் என்பதுதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எல்லாத் தடையும் நரம்பின் தடை அல்ல. இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆளுக்கு ஆள் வேறு ஆழத்தில், வேறு கோணத்தில் அமைந்திருக்கிறது. சிலரால் எத்தனை ஆண்டு பயின்றாலும் சம்மணமிட்டு முழங்காலைத் தரையில் படியவைக்க முடியாது. எலும்போடு எலும்பு முட்டுகிற இடத்தில் எந்தக் கவனமும் வழிவிடாது. கவட்டியின் முன்பக்கம் கிள்ளுவது போல வலித்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும்.

தரைப்பாடம்:

அம்மா, எலும்பைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வலுவைப் பற்றியும் எனக்குச் சண்டை இல்லை. வரிசையில்தான் எனக்கு வேறு கருத்து. இடுப்பில் மடிந்து எடை தூக்கச் சொல்கிறீர்கள். மடிய வேண்டிய இடம் எது என்று அவருக்குத் தெரியுமா?

இதை என் வகுப்பில் எப்போதும் கேட்பேன். "இடுப்பு மூட்டைத் தொட்டுக் காட்டுங்கள்." பாதிப் பேருக்கு மேல் இடுப்பின் பக்கவாட்டில், பெல்ட் கட்டும் எலும்பு மேட்டில் கை வைப்பார்கள். அங்கே மூட்டே கிடையாது. உண்மையான மூட்டு கவட்டியின் மடிப்புக்குள்ளே, ஒரு கை அகலத்துக்கும் கீழே, ஆழத்தில் இருக்கிறது. மூட்டு மேலே இருப்பதாக நம்புகிறவர் குனியும்போது அங்கேதான் மடிகிறார். அதாவது கீழ்முதுகை வளைக்கிறார். தொடையின் பின்தசை இறுகியிருப்பதாக அவருக்குத் தோன்றும். விரல் நுனிகளைக் கவட்டி மடிப்பில் அழுத்தி வைத்துக்கொண்டு, அந்த விரல்களை மடிப்பு விழுங்கும்படி குனியச் சொல்லுங்கள். நீட்டலும் இல்லை, வலுவும் கூடவில்லை, ஆனால் பலர் அந்த நிமிடமே முன்பைவிடக் கீழே போகிறார்கள்.

கையும் அப்படித்தான். கை தோளில் தொடங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். கைக்கும் உடற்கூட்டுக்கும் இடையே எலும்பு வழியான ஒரே இணைப்பு, காறை எலும்பு மார்பெலும்பின் உச்சியில் சேருகிற சிறிய மூட்டுதான். தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுகையை மேலே தூக்குங்கள், அந்த எலும்பு உருள்வது தெரியும். கை அங்கிருந்து தொடங்குகிறது என்று அறிந்தவர் அலமாரியின் மேல்தட்டைத் தொடுகிற விதமே வேறு.

ஆதாரம்தேடி:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் நடப்பதைச் சொல்வதும் ஆய்வில் நிறுவப்படுவதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலிய அரசு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வில் பதினேழு இயற்கைச் சிகிச்சைகளில் ஃபெல்டன்கிரைஸ் முறையும் இருந்தது. பலன் தரும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றார்கள். 2019 ஏப்ரலிலிருந்து தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகைப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தரைப்பாடம்:

மறைக்க ஒன்றுமில்லை. அந்த மதிப்பாய்வு வந்தது உண்மை. அதே 2015இல் வெளியான வேறொரு முறையான திறனாய்வு இருபது சோதனைகளை எடுத்துக்கொண்டது. முதியவர்களின் உடல் சமநிலையில் நம்பிக்கை தரும் முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னது. பல சோதனைகள் சிறியவை, முடிவுகள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றும் அதே கட்டுரை எச்சரித்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே நான் யாரிடமும் இது நோயைத் தீர்க்கும் என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்கிற ஆசிரியரிடமிருந்து விலகிவிடுங்கள். இது அசையக் கற்றுக்கொள்கிற பாடம், மருந்து அல்ல. முதுகுவலிக்கு உதவியது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர்களுடைய அனுபவமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், சான்றாக நீட்ட மாட்டேன்.

மூட்டுமொழி:

மென்மையான அசைவு என்ற பெரிய குடும்பத்துக்குள் உறுதியான சான்று உள்ளவையும் இருக்கின்றன. முதியவர்கள் கீழே விழுவதைத் தடுப்பது பற்றி 2019இல் வந்த காக்ரேன் திறனாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு ஒன்றின் அறிக்கை), உடற்பயிற்சி விழுதல்களின் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைக்கிறது என்று கண்டது. தாய் சி என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சிக்கு மட்டும் தனியாகப் பார்த்தபோது 19 சதவீதக் குறைவு, ஆனால் அந்தச் சான்றின் உறுதி குறைவு என்றார்கள். சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பயிற்றுவிக்கும் பயிற்சிகளுக்கு 24 சதவீதம், அங்கே உறுதி அதிகம். ஆதாரம்தேடி அவர்களே, எழுபது வயதுக்காரருக்கு ஒன்றே ஒன்றைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் நின்றபடி செய்யும் சமநிலைப் பயிற்சியைத்தான் சொல்வேன். தரையில் படுத்துச் செய்வதை அதற்கு மாற்றாகச் சொல்ல மாட்டேன், துணையாகச் சொல்வேன்.

ஆதாரம்தேடி:

நன்றி. இந்த அளவுக்கு நேராகச் சொன்னால் எனக்கு வாதம் இல்லை.

தளர்மூட்டு:

நான் நடனக் கலைஞர். என் சிக்கல் மேசைவாசிக்கு நேர் எதிரானது. என் மூட்டுகள் பிறவியிலேயே அளவுக்கு மீறி வளைபவை. முழங்கை பின்பக்கமாக வளையும், நின்ற நிலையில் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைப்பது எனக்கு ஒரு வேலையே அல்ல. பார்ப்பவர்கள் எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்பார்கள். இரவில் தோளும் இடுப்பும் வலிப்பது அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு இந்தப் பாடங்கள் கொடுத்தது வளைவை அல்ல, எல்லையை. மூட்டு அதன் கடைசி எல்லைக்குப் போய் இடித்து நிற்கும்வரை எனக்கு எந்தத் தகவலும் வருவதில்லை. அந்த எல்லையில்தான் 'கை இங்கே இருக்கிறது' என்று தெரியும். ஆகவே எப்போதும் எல்லைக்கே போய் நிற்பேன். சிறிய அசைவுகளை நடு எல்லைக்குள் செய்யச் செய்ய, இடித்து நிற்காமலே கை எங்கே இருக்கிறது என்பது தெரியத் தொடங்கியது. நான் இப்போது முழங்காலைப் பின்பக்கம் பூட்டாமல் நிற்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு விரற்கடை வித்தியாசம்கூட இருக்காது. ஒத்திகை முடிந்த பிறகு உள்ள வலியில் அந்த வித்தியாசம் பெரியது.

என்னைப் போன்றவர்கள் நெகிழ்வு வேண்டும் என்று தசை நீட்டும் வகுப்புகளில் சேர்ந்துவிடாதீர்கள். அங்கே ஆசிரியர் முதுகில் கை வைத்து அழுத்தினால் நமக்கு வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து.

மூட்டுமொழி:

முக்கியமான பதிவு. மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்களுக்கு உடம்பின் நிலையை அறியும் உணர்வு மங்கலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்களுக்கு வலுப் பயிற்சி கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரைப்பாடம்:

இந்த உணர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அது இல்லாமல் போனவரிடம்தான் முழுதாகப் பார்க்க முடியும். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் என்பவருக்கு 1971இல், 19 வயதில், காய்ச்சலைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் உடம்பின் நிலையை அறியும் உணர்வும் அடியோடு போய்விட்டன. தசைகளில் வலு அப்படியே இருந்தது. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து அசைக்கக் கற்று, நீண்டகால முயற்சியில் மறுபடி நடந்தார். விளக்கு அணைந்தால் கீழே விழுந்துவிடுவார். நமக்கெல்லாம் இருட்டிலும் கை எங்கே என்று தெரிகிறது. அந்தத் தெரிதலைக் கூர்மையாக்குவதற்குத்தான் இத்தனை பாடமும்.

முதியதளிர்:

எனக்கு எழுபதைத் தொடப்போகிற வயது. தரையில் உட்கார்ந்தால் எழுவதே பெரும்பாடு, படுத்துச் செய்வதற்கு எங்கே போவது? எலும்புத் தேய்மானமும் இருக்கிறது, திடீரென்று தலையைத் திருப்பினால் தலைசுற்றலும் வரும். என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது வழி உண்டா தம்பி?

தரைப்பாடம்:

உண்டு அம்மா. நாற்காலியில் உட்கார்ந்தே செய்யக்கூடிய பாடங்கள் நிறைய இருக்கின்றன. மிகவும் புகழ்பெற்ற ஒன்றை எழுதுகிறேன், மேசைவாசியின் கழுத்துக்கும் அது பொருந்தும். ஆனால் உங்கள் தலைசுற்றலுக்குக் காரணம் என்ன என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதைத் தொட வேண்டும்.

கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலி. முன்பக்கமாக உட்கார்ந்து இரு பாதங்களையும் தரையில் முழுதாகப் பதியுங்கள். தலையை வலப்பக்கம் திருப்புங்கள். சுகமாகப் போகும் இடம்வரை போதும், அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம். பார்வை சுவரில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

இப்போது தலை மெதுவாக வலப்பக்கம் போகட்டும், கண்கள் மட்டும் இடப்பக்கம் போகட்டும். முதலில் குழப்பமாக இருக்கும், மூச்சு நின்றுபோகும். மூச்சு நின்றால் வேகம் அதிகம் என்று பொருள். சில தடவை செய்துவிட்டுக் கண்ணை மூடி ஓய்வெடுங்கள். அடுத்து, மூக்கும் கண்ணும் நேராகவே இருக்கட்டும், தோள்களை மட்டும் வலப்பக்கம் திருப்புங்கள். வலது இடுப்பெலும்பு நாற்காலியில் சற்றுப் பின்னால் நகர்வதையும் இடது முழங்கால் முன்னே போவதையும் தடுக்காதீர்கள். ஓய்வு. பிறகு தோள்கள் வலப்பக்கம், தலை இடப்பக்கம். மறுபடி ஓய்வு. கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்து, சாதாரணமாகத் தலையை வலப்பக்கம் திருப்பிச் சுவரைப் பாருங்கள்.

பார்வை முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். கழுத்தை யாரும் இழுக்கவில்லை. என்ன நடந்தது என்றால், கண்ணின் திசையும் கழுத்துத் தசைகளும் பிறந்த நாளிலிருந்து சேர்ந்தே வேலை செய்து பழகியவை. மண்டையோட்டின் அடியில் இருக்கும் சிறிய தசைகளில் உணர்கருவிகள் மிக அடர்த்தியாக இருக்கின்றன. பழகிய இணைப்பைக் கொஞ்ச நேரம் பிரித்ததும் அவை புதிதாக ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. அதோடு, திரும்புதல் கழுத்தில் மட்டும் நடப்பதில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. கழுத்துத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே நடக்கிறது. கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்தும் ஒரு பக்கம் மிகக் கொஞ்சமே திரும்பும். மிச்சம் முழுவதும் விலா எலும்புகள் சேரும் பன்னிரண்டு முதுகெலும்புகளிலிருந்தும் இடுப்பு மூட்டுகளிலிருந்தும் வர வேண்டும். நாற்காலியோடு உறைந்திருப்பவரிடம் அந்தப் பகுதிதான் கலந்துகொள்வதில்லை.

ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு எழுந்து நடந்து பாருங்கள், இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும். பிறகு இடப்பக்கத்தை அசையாமல் மனத்துக்குள் மட்டும் செய்து பாருங்கள். பலருக்கு அதுவும் இளகுகிறது.

மூட்டுமொழி:

அம்மா, எலும்புத் தேய்மானம் என்று நீங்கள் சொல்வது மூட்டுத் தேய்மானமா, எலும்பு அடர்த்தி குறைந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவதாக இருந்தால் முதுகை உருட்டி வேகமாக முன்னால் குனிவதையும் பலமாக முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும். அது எந்தப் பயிற்சியின் பெயரில் வந்தாலும் சரி.

மற்ற எல்லோருக்கும்: காலில் மரத்துப்போதல், பாதம் தொங்குதல், சிறுநீரை அடக்க முடியாமை, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியைத் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ப் பிரச்சினை முதுகுவலியோடு சேர்ந்து திடீரென்று வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

நடைவிரும்பி:

யோகாசனம் செய்கிறவர்கள் இதையும் செய்யலாமா? இரண்டும் முரண்படாதா?

தரைப்பாடம்:

முரண்படாது. நல்ல யோகா ஆசிரியர் ஆசனத்துக்குள் போகிற வழியைக் கவனிக்கச் சொல்வார். அவரிடம் பயில்கிறவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. கடைசி நிலையை எட்டுவதற்காக மட்டும் ஆசனம் செய்கிறவர்களுக்குத்தான் முதலில் கடினம். இங்கே எட்டுவதற்கு நிலையே கிடையாது.

மேசைவாசி:

அனைவருக்கும் நன்றி. நாற்காலிப் பாடத்தைச் செய்தேன். முதல் தடவை பார்வை கதவின் ஓரத்தில் நின்றது. கடைசியில் கதவைத் தாண்டி மாட்டியிருந்த நாள்காட்டிவரை போனது. கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பும்போது நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டிருந்தேன் என்பது பாதியில்தான் தெரிந்தது. அதை விட்டதும் தலை இன்னும் கொஞ்சம் போனது. நாக்குக்கும் கழுத்துக்கும் என்ன தொடர்பு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

துணிந்து படுத்துச் செய்யும் கடிகாரப் பாடத்தையும் எடுத்துப் பார்த்தேன். முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி மல்லாந்து படுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் கடிகார முகம் இருப்பதாக எண்ணி, கீழ்முதுகுப் பக்கம் பன்னிரண்டு, வால் எலும்புப் பக்கம் ஆறு என்று வைத்து, ஒவ்வொரு மணியாகத் தரையில் அழுத்திக்கொண்டே சுற்றி வருவது. வலப்பக்கம் அழகாக உருள்கிறது. இடப்பக்கத்தில் ஏழிலிருந்து நேராக ஒன்பதுக்குத் தாவிவிடுகிறது. எட்டு என்ற இடமே என்னிடம் இல்லை. அழுத்திப் பிடித்துத் தேடினேன், இடது தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இதற்கு என்ன செய்வது? இதோடு என் காலைநேர நீட்டல் பயிற்சிகளை விட்டுவிடலாமா?

தளர்மூட்டு:

எனக்கு நான்கு இல்லாமல் இருந்தது! எல்லோருக்கும் ஏதாவது ஒரு மணி காணாமல் போயிருக்கும்.

தரைப்பாடம்:

நாக்கின் அடியெலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் தசைகள் இறங்குகின்றன. நாக்கு அழுத்தினால் கழுத்தின் முன்பக்கம் முழுவதும் வேலையில் சேர்ந்துகொள்ளும். நீங்களாகவே கண்டுபிடித்தது நான் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒட்டியிருக்காது.

எட்டைத் தேடி அழுத்தாதீர்கள். தாவுகிற இடத்துக்குச் சற்று முன்னே நின்றுவிடுங்கள். ஆறிலிருந்து ஏழுக்கு, ஏழிலிருந்து ஆறுக்கு, முன்னும் பின்னும் பாதி விசையில் போய்வாருங்கள். பிறகு மறுபக்கத்திலிருந்து பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையே அப்படியே. இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகத் தொடங்கினால் நடுவே உள்ள இடைவெளி சுருங்கும். தொடை நடுங்குவது விசை அதிகம் என்பதற்கு அடையாளம். இடது பாதத்தை ஒரு சாண் வெளியே தள்ளி வைத்தும் பாருங்கள், சிலருக்கு அதுவே போதும். இடது விலா எலும்புகள் தரையில் கனக்கின்றனவா, தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். எட்டு காணாமல் போகிறவர்களிடம் காரணம் இடுப்பில் இல்லாமல் விலாவில் இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

காலைப் பயிற்சியை விட வேண்டாம். அதற்கு முன்னால் இதில் ஒரு சிறு பகுதியைச் செய்யுங்கள், பிறகு முன்பைவிடப் பாதி விசையில் நீட்டுங்கள். மூட்டுமொழி அம்மா சொன்ன எழுந்து உட்காரும் பயிற்சியையும் வாரத்தில் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யும்போது விரல்கள் கவட்டி மடிப்பில் இருக்கட்டும்.

மூட்டுமொழி:

விரல்களை அங்கே வைத்து எழுந்து உட்காரச் சொல்வதை நானும் என் நோயாளிகளிடம் எடுத்துக்கொள்கிறேன். மேசைவாசி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எட்டு மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு இருபது நிமிடம் அசைவதால் எல்லாம் சரியாகாது.

முதியதளிர்:

மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். தலைசுற்றல் காதுக்குள் உள்ள கோளாறால் வருகிறதாம், அதற்குத் தனிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதுவரை தலையைத் திருப்பாமல், உட்கார்ந்தபடி கடிகாரப் பாடத்தை மட்டும் செய்யலாமா?

மூட்டுமொழி:

செய்யலாம் அம்மா. நாற்காலியில் பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் இடையே மட்டும், மிகச் சிறிதாக, முதுகை உருட்டாமல். பக்கத்தில் பிடித்துக்கொள்ள மேசை இருக்கட்டும். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்து மற்றதைப் பேசலாம்.